பாரமும் ஆழமும்

மாலையில் வகுப்புக்கள் கலைந்தபின் நம் கலாசாலையின் தேகாப்பியாச சாலைக்குட் புகுவோர் எவர்க்கும் அங்குக் காணுங் காட்சி உவகை தருவதேயாம். நான் இங்கு மாணாக்கனாயிருந்த நாளில் அச்சாலையிற் கிடந்தவை துருவேறிய கம்பியொன்றும், ஒன்றோடொன்று எடை ஒவ்வாத நாலைந்து இருப்புத் தட்டுக்களுமே. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இஃதெதற்கு என்று பெற்றோரும், விடுதிச் சாப்பாட்டை உண்டு இதனைச் செய்யலாகுமோ என்று தோழரும் எங்களைக் கேட்டதுண்டு. இன்றோ மாணாக்கரும் மாணாக்கியரும் முறைவைத்துக் காத்துநின்று பயில்கின்றனர். சரீரத்தைப் பேணுதலும் கல்வியின் ஒரு பகுதியே என்னும் உண்மை நம் இளைஞர் உள்ளத்திற் பதிந்துவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், சென்ற பழைய மாணவர் தினத்தன்று அச்சாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்த எனக்கு, உவகையோடு கவலையும் உண்டாயிற்று. அங்கே சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகின்றது. பயில்வோர் பெயர்களும், ஒவ்வொருவரும் தோளிற் சுமந்து எழுந்த மிகப்பெரிய பாரமும் அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. முதற் பெயருக்கு நேரே 180 கிலோகிராம் என்று கண்டேன். அப்பெயருக்குரிய இளைஞரே சிறிது நேரத்தில் அப்பாரத்தை என் கண்முன் சுமந்தார். தோழர் இருவர் ஆரவாரித்தனர். அவர் முழங்கால்கள் சற்றே மடிந்தன, உடல் ஒரு சாண் அளவு தாழ்ந்தது, பின்னர் நிமிர்ந்தது. அவ்வளவே. அவரைக் குறைகூற எனக்கு யோக்கியதை இல்லை. அவர் செய்வதையே நானும் இதே சாலையில் இரண்டாண்டு செய்தேன். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

என் கட்சி இதுவே: ஆழத்தைக் குறைத்துப் பாரத்தை ஏற்றுதல் வளர்ச்சியன்று. பாரத்தைக் குறைத்தேனும் ஆழத்தைக் காத்தலே வளர்ச்சிக்கு வழி. நம் கரும்பலகையும் இந்நியதிக்கு உட்படவேண்டும்.

இத்துறையில் பழக்கமில்லாத வாசகர்க்காக ஒரு வார்த்தை. இருபுறமும் தட்டுக்கள் கோத்த பார்பெல் என்னும் கம்பியைத் தோளின் பின்புறத்தே தாங்கி, இடுப்பும் முழங்காலும் மடியத் தாழ்ந்து, மீண்டும் நிமிர்ந்து நிற்றலே ஸ்க்வாட் எனப்படுவது. பெயர் புதிதாயினும் செயல் நமக்குப் புதிதன்று. நம் ஊர்ப் பயில்வான்கள் தண்டாலோடு சேர்த்து எடுத்துவந்த பஸ்கி இதற்கு உடன்பிறப்பு; தோளின்மேல் ஏறிய பாரமே வேற்றுமை. தோப்புக்கரணம் போட்டறியாத பிள்ளைகளும் நம் நாட்டிற் சிலரே. களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் குத்துக்காலிட்டு அமர்ந்து நாழிகைக் கணக்காய்ப் பேசியிருந்த நம் பாட்டன்மார்க்கு, குதிகால் தரையிற் படிய முற்றும் தாழ்ந்து அமர்தல் ஒரு வித்தையாகவே தோன்றியிராது. பெஞ்சியிலும் நாற்காலியிலும் வளர்ந்த நாமோ அதனை மறந்தோம். ஆகவே, இங்குப் பேசப்படும் ஆழம் புதிதாகத் தேடிப் பெறவேண்டியதொன்றன்று; இழந்ததை மீட்பதேயாம். இக்கட்டுரையில் அவ்வப்பியாசத்தைப் பஸ்கி என்றே வழங்குவேன்.

என் அநுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷ வகுப்பில் இருந்தபோது என் பெயருக்கு நேரே 140 கிலோகிராம் என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெருமிதத்தோடு ஒரு பவர்லிஃப்டிங் போட்டிக்குச் சென்றேன். அப்போட்டியில் மத்தியஸ்தர் மூவர். முன்னால் ஒருவர், இருபக்கத்தும் ஒவ்வொருவர். மூவருள் இருவரேனும் வெள்ளை விளக்குக் காட்டினாலன்றித் தூக்கிய பாரம் கணக்கில் வாராது. ஒவ்வொருவர்க்கும் மூன்று தடவை அநுமதி உண்டு. முதற் தடவை 120 கிலோகிராம் சுமந்தேன், மூன்றும் சிவப்பு. இரண்டாந் தடவை அதனையே சுமந்தேன், மூன்றும் சிவப்பு. மூன்றாந் தடவையும் அங்ஙனமே முடிந்தது. பாரம் எனக்குக் கனக்கவில்லை. ஆனால் மூன்று தடவையும் நான் போதிய அளவு தாழவில்லை என்றனர். ஒரு தடவையேனும் தேறாதவன் போட்டியிலிருந்தே விலகவேண்டும் என்பது விதி, விலகினேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மத்தியஸ்தர்களை நிந்தித்துக்கொண்டே வந்தேன். மறுவாரம், பக்கவாட்டிலிருந்து நண்பரொருவர் பிடித்த புகைப்படம் என் கைக்கு வந்தது. அதில் என் தொடை தரைக்குச் சமமாகக்கூட இல்லை. நாற்காலியில் அமர மனமின்றிப் பாதியில் நின்றவனைப்போலத் தோன்றினேன். நான் தாழ்ந்துவிட்டதாக என் மனம் சொன்னது பொய். படம் சொன்னதே மெய்.

அன்று மாலையே விதிப்படி தாழ்ந்து எழ முயன்றேன். 80 கிலோகிராமுக்குமேல் என்னால் எழ இயலவில்லை. மீதி 60 கிலோகிராம் எங்கே போயிற்று? அது என்னிடம் என்றும் இருந்ததேயில்லை. கரும்பலகையில் மாத்திரமே இருந்தது.

அவ்விதி யாதென்றும் அறிதல் நலம். 1972ஆம் ஆண்டு ஏற்பட்ட சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் நியதிப்படி, பஸ்கியின் அடித்தலத்தில், இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்புறம் முழங்காலின் உச்சியினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். தொடை தரைக்குச் சமமாதலும் போதாது. அதனினும் சற்றுத் தாழவேண்டும். இக்கோடு மனம்போனபடி கிழித்ததன்று. இதற்குக் காரணம் நம் பௌதிக வகுப்பிலேயே உள்ளது. நெம்புகோலில், விசை செல்லும் நேர்கோட்டிற்கும் சுழலும் மூட்டுக்கும் உள்ள கிடைத்தூரம் மிகுந்தோறும் மூட்டின்மேல் விழும் சுழற்சி வலியும் மிகும். நாம் நேரே நிற்கும்போது தொடையெலும்பு செங்குத்தாயிருத்தலின், இடுப்பும் முழங்காலும் பாரக்கோட்டிற்கு அண்மையில் நிற்கும், உழைப்புச் சிறிதே. தொடை கிடையாகத் தாழத் தாழ அத்தூரம் வளர்ந்து, தரைக்குச் சமமாகுமிடத்தில் உச்சத்தை எட்டும். எழும்போது நம்மைத் தடுத்து நிறுத்தும் இடம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேயே உள்ளது. ஆதலின் பாதியில் திரும்புகிறவன் அப்பியாசத்தின் பாதியைச் செய்தவனல்லன். கடினமான பாகம் முழுவதையும் விட்டுவிட்டு, எளிதான பாகத்தை மாத்திரம் செய்தவனாவான். பாடநூலைத் திறவாமல் கைக்குறிப்பை மட்டும் மனனஞ்செய்து தேறிய மாணாக்கனுக்கும் அவனுக்கும் பேதம் யாது?

ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. 2013இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஒரு சாரார் முழங்கால் 120 பாகை மடியும்வரையும், மற்றொரு சாரார் 60 பாகை மடியும்வரையும் 12 வாரம் பஸ்கி பயின்றனர். தொடையின் முன்புறத் தசை ஆழ்ந்து பயின்றவர்க்கே மிகுதியாக வளர்ந்தது. 2019இல் ஜப்பானில் நடந்த 10 வாரப் பரிசோதனையில், முழுப் பஸ்கி எடுத்தவர்க்கும் அரைப் பஸ்கி எடுத்தவர்க்கும் முன்தொடை ஏறத்தாழ ஒப்பவே வளர்ந்ததாயினும், புட்டத்தசையும் உட்தொடைத் தசையும் முழுப் பஸ்கியாலேயே நன்கு வளர்ந்தன. கூடுதலான பாரத்தால் வரக்கூடுமென நாம் எண்ணிய பலன், கூடுதலான ஆழத்தால் குறைந்த பாரத்திலேயே கிட்டுகின்றது. மேலும், தொடை ஏமாற்றினாலும் முதுகெலும்பு ஏமாற்ற இயலாது. 180 கிலோகிராமுடன் ஒரு சாண் தாழ்பவரின் தொடைக்கு உழைப்பு அரைகுறை. அவர் முதுகெலும்புக்கோ அந்த 180 கிலோகிராமும் முழுமையாகவே உண்டு. என்னோடு பயின்ற ஒருவர் இவ்வாறு அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு எழும்போது முதுகு வளைந்து, ஆறு வாரம் படுக்கையிற் கிடந்து, அவ்வருஷப் பரீட்சையையும் இழந்தார். அவர் பெயர் அன்று பலகையின் உச்சியில் இருந்தது.

நிற்க. இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய்வோம்.

முதலாவது, ஆழமாகத் தாழ்தல் முழங்காலைக் கெடுக்கும் என்பது. இக்கருத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1961இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் க்ளைன் என்பார், ஆழ்ந்த பஸ்கி முழங்காலில் எலும்போடெலும்பைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்துகிறதென எழுதினார். அவ்வெச்சரிக்கை உலகெங்கும் பரவி, அரைப் பஸ்கியே பத்திரமானதென்னும் எண்ணம் பல தேகப்பயிற்சி ஆசிரியரிடம் வேரூன்றிற்று. பின்வந்தோர் பரிசோதித்தபோது அத்தளர்ச்சியைக் காணவில்லை. 1989இல் சாண்ட்லர் முதலியோர் எட்டு வாரம் பஸ்கி பயின்றவர்களைச் சோதித்து, முழங்காலின் உறுதி குறையவில்லையென வெளியிட்டனர். இன்னொன்றும் அறியத்தக்கது. முழங்காற்சில்லின் பின்னே உண்டாகும் அழுத்தம் முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடியுமிடத்தே மிகுதி. அதனினும் தாழும்போது, சில்லும் நாரும் தொடையெலும்பின்மேற் படியும் பரப்பு விரிதலால் அவ்வழுத்தம் பகிர்ந்துகொள்ளப்படுகின்றது. அரைப் பஸ்கிக்காரரோ மிகுந்த பாரத்தோடு அவ்விடத்தை அண்மித்துத் திடீரெனத் திரும்புகின்றனர். இதனால், முன்னரே முழங்காலில் நோயோ காயமோ உள்ளவர் வைத்தியரைக் கேளாது பயிலலாமென்று நான் கூறவில்லை. நோயில்லாதார்க்கு ஆழமே சத்துரு என்னும் பயம் ஆதாரமற்றது என்றே கூறுகிறேன்.

இரண்டாவது, முழங்கால் பாதவிரலைக் கடந்து முன்செல்லலாகாது என்பது. 2003இல் ஃப்ரை முதலியோர் முழங்காலுக்கு முன்னே ஒரு பலகையை நிறுத்தி, அது முன்செல்லாதபடி தடுத்துப் பார்த்தனர். முழங்காலின்மேல் விழும் சுழற்சி வலி 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது, உண்மையே. ஆனால் இடுப்பின்மேல் விழுவது 28இலிருந்து 302 ஆக உயர்ந்தது. முழங்காலுக்குச் சிறிது மிச்சம் பிடித்து, இடுப்புக்கும் நடுமுதுகின் கீழ்ப்பாகத்திற்கும் பெருங்கடன் ஏற்றுவது என்ன சிக்கனம்? குதிகால் தரையை விடாதவரை முழங்கால் வேண்டுமளவு முன்செல்லட்டும்.

மூன்றாவது, ஓட்டக்காரர்க்கும் தாண்டுவோர்க்கும் சிறு ஆழமே போதும் என்பது. இதில் உண்மை உண்டு, மறைக்கவில்லை. முன்னரே நன்கு பயின்று தேறிய வீரரிடம் 16 வாரம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கால்பங்கு பஸ்கியே ஓட்டத்திற்கும் குதித்தலுக்கும் கூடுதலாக உதவிற்று. ஆனால் அவர்கள் ஆழத்தைக் கற்றபின் அதனைக் குறைத்தவர்கள். நாமோ கற்காமலே குறைக்கின்றோம். மேலும், கால்பங்கென்று பெயரிட்டுச் செய்வதில் குற்றமில்லை. கால்பங்கைச் செய்து முழுமையென்று எழுதுதலே குற்றம்.

இனி, ஆழத்தை எய்தும் வழி யாது? அதனையும் கூறாதொழியின் இக்கட்டுரை வெறும் கண்டனமாய் முடியும்.

ஆழம் குறைவதற்கு முதற்காரணம் வலிமைக்குறைவு என்று பலர் நினைக்கின்றனர். என் துணிபில் முதற்காரணம் பயம். தாழ்ந்தபின் எழ இயலாவிடின் என் செய்வது என்னும் எண்ணமே நம்மைப் பாதியில் திருப்புகின்றது. இதற்கு மருந்து தைரியமன்று. இருபுறமும் குறுக்கே கிடக்கும் தாங்கு கம்பிகளே. நாம் முற்றும் தாழ்ந்து அமருமிடத்திற் பார்பெல் எவ்வுயரத்தில் இருக்குமோ, அதற்கு ஒரு விரற்கடை கீழே அவற்றை அமைக்கவேண்டும். வெறுங் கம்பியோடு ஒருமுறை தாழ்ந்து, வேண்டுமென்றே பாரத்தை அவற்றின்மேல் இறக்கிவைத்துப் பழகுக. விழுந்தால் ஒன்றும் நேராது என்று உடல் அறிந்தபின்னரே அது ஆழத்திற்கு இசையும்.

இரண்டாவது காரணம் கணைக்கால். சுவரினின்று சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொட இயலாதவர்க்குப் பெரும்பாலும் கணைக்காலின் இறுக்கமே தடையாகும். அவர் தாழும்போது குதிகால் கிளம்பும், அல்லது உடல் முன்னே கவியும். அன்றாடம் சில நிமிஷம் தூணொன்றைப் பற்றிக்கொண்டு குத்துக்காலிட்டு அமர்தல் இதற்கு எளிய பரிகாரம். பாட்டன்மார் வழியும் அதுவே. அதுவரையில், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்த கடினமான குதியுடைய பளுத்தூக்குவோர் பாதரட்சை உதவும். ஓடுவோர் அணியும் மெத்தென்ற பாதரட்சையோடு பெரும்பாரம் சுமத்தல் சேற்றில் நின்று சுமப்பதற்கு ஒப்பாம்.

இனி நிற்கும் முறை. குதிகால்கள் தோளகலம் விலகி, பாதங்கள் சற்று வெளிநோக்கியிருக்கட்டும். இடுப்பெலும்பின் குழியும் தொடையெலும்பின் நீளமும் ஆளுக்காள் வேறுபடுதலின், இவ்வகலம் அனைவர்க்கும் ஒன்றன்று. வெறுங்கையோடு பலமுறை தாழ்ந்து பார்த்து, எந்நிலையில் எளிதாக அமரமுடிகிறதோ அதனைத் தம்முடையதாகக் கொள்க. நீண்ட தொடையுடையார் பிறரைவிடச் சற்று முன்சாய்ந்தே தாழ்வர், அது குற்றமன்று. கம்பி கழுத்தெலும்பின்மேல் அமரலாகாது. தோள்களைப் பின்னே இறுக்கும்போது மேன்முதுகில் எழும் தசைமேட்டின்மேல் அமரவேண்டும். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அது உள்ளங்காலின் நடுவுக்கு நேர்மேலே செங்குத்தாகச் செல்லவேண்டும். கம்பி முன்னே விலகின் முதுகு உழைக்கும். பின்னே விலகின் மனிதர் விழுவர்.

தாழுமுன் வயிறு நிறைய மூச்சை இழுத்து, அடிவயிற்றையும் விலாவையும் சுற்றிலும் இறுக்கி, அம்மூச்சை எழும்வரை காத்தல் வேண்டும். காற்றடைத்த பந்து மிதித்தாலும் நசுங்காதவாறுபோல, இறுகிய வயிறு முதுகெலும்பை முன்னின்று தாங்கும். இடுப்பில் அணியும் அகன்ற தோல்வாரும் அவ்விறுக்கத்திற்கு ஒரு சுவராய் உதவுவதேயன்றி, தானே முதுகைத் தாங்குவதன்று. இரத்த அழுத்தமுள்ளவர் இங்ஙனம் மூச்சடக்குதல் தகாது. அவர் வைத்தியரைக் கேட்டே பயிலவேண்டும்.

இடுப்பையும் முழங்காலையும் ஒருங்கே மடித்து, இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொண்டு தாழ்க. முழங்கால்கள் பாதம் நோக்குந் திசையிலேயே செல்லட்டும், உட்புறம் சாயலாகாது. அடித்தலத்தில் தளர்ந்து துள்ளலாகாது. எழும்போது மார்பும் இடுப்பும் ஒருங்கே எழவேண்டும். இடுப்பு முந்தி எழுந்து மார்பு பின்தங்குமாயின், காலுக்குரிய வேலை முதுகுக்குப் போய்விட்டதென்று அறிக. இப்பிழையைத் திருத்த, பாரத்திற் பாதியை இறக்கிவிட்டு, அடித்தலத்தில் இரண்டு விநாடி அசையாது அமர்ந்து எழுந்து பழகுதலினும் சிறந்த முறையை நான் கண்டதில்லை. ஆழத்தில் தங்கியிருக்கக் கற்றவர்க்கு ஆழம் அந்நிய தேசமன்று.

ஆழத்திற்கும் எல்லை உண்டு. சிலர் முற்றும் தாழும்போது இடுப்பெலும்பு உட்சுருண்டு நடுமுதுகின் கீழ்ப்பாகம் வளையும். சிறிது வளைதல் பலர்க்கு இயல்பே. பெரும்பாரத்தோடு மிகுதியாக வளைதலோ அபாயம். அவர் வளைவு தொடங்குமிடத்திற்கு ஒரு விரற்கடை மேலேயே திரும்பி, கணைக்காலையும் இடுப்பையும் பழக்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தாழட்டும். ஆழத்தை நான் வற்புறுத்துவது முதுகைப் பலிகொடுத்தன்று.

பாரம் ஏற்றும் முறையிலேயே இவை யாவும் நிலைபெறும் அல்லது கெடும். தட்டொன்று ஏறும்போதெல்லாம் ஆழம் ஒரு விரற்கடை குறைகின்றது. சுமப்பவர் அதனை உணர்வதில்லை. ஆதலின் 20 கிலோகிராம் எடையுள்ள வெறுங் கம்பியிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஏற்றி, எப்படியில் ஆழம் கெடுகிறதோ அதற்கு முந்திய படியில் அன்றைக்கு நிற்கவேண்டும். மறுவாரம் 2.5 கிலோகிராம் கூட்டலாம். ஐந்து முறை செய்வதாயின் ஐந்தாம் முறை முதல் முறையளவே ஆழமாயிருக்கவேண்டும். கைப்பேசியில்லாத மாணாக்கர் இன்று அரியர். அதனை இடுப்பளவு உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம்பிடித்துப் பாருங்கள். கண்ணாடி முன்னின்று காட்டுவதை நம்பற்க. என் 80 கிலோகிராம், விதி பிறழாத 120 கிலோகிராமாக வளர எட்டு மாதம் ஆயிற்று. முன்பு மூன்று விளக்கும் சிவந்த அதே பாரத்தை மறுவருஷம் சுமந்தபோது மூன்று விளக்கும் வெளுத்தன. 140 என்று பொய்யாய் எழுதப்பட்ட நாளில் இல்லாத மகிழ்ச்சி அன்று எனக்கு இருந்தது.

ஆழமும் பாரமும் ஒன்றுக்கொன்று பகையோ எனின், அன்று. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும், 2018இல் கோல்ட் கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்களில் 77 கிலோகிராம் பிரிவில் பொற்பதக்கம் பெற்றார். மீராபாய் சானு 2021இல் டோக்கியோவில், 49 கிலோகிராம் பிரிவில் போட்டியிட்டு, 115 கிலோகிராமைத் தலைக்குமேல் உயர்த்தி வெள்ளிப்பதக்கம் பெற்றார். இத்தகைய பளுத்தூக்குவோர் பாரத்தை முதலிற் தோளில் ஏற்பது எந்நிலையில்? முற்றும் தாழ்ந்து, தொடைமேற் கெண்டைக்கால் படிய அமர்ந்த நிலையில். அங்கிருந்தே அவர்கள் எழுகின்றனர். அவர்கள் மேடையேறிய உயரம் அந்த ஆழத்திலிருந்து அளக்கப்பட்டது.

ஆதலின் நம் கலாசாலையார்க்கு ஒரு விண்ணப்பம். அக்கரும்பலகையை ஒருமுறை முற்றும் துடைத்துவிடுவோம். இனி ஒருவர் பாரத்தை எழுதவேண்டின், போட்டியிற்போல முன்னே ஒருவரும் பக்கத்திற்கு ஒருவருமாக மூன்று மாணாக்கர் நின்று பார்க்கட்டும். இருவரேனும் "தாழ்ந்தார்" என்று சொன்னால் எழுதுக, இன்றேல் விடுக. வருஷாந்தர விளையாட்டு விழாப் பரிசுக்கும் இதுவே விதியாகட்டும். தேகப்பயிற்சி ஆசிரியர் முதல் வருஷத்தார்க்கு ஒரு மாதம் வெறுங் கம்பியோடு ஆழம் பழக்குவாராக. பழைய மாணவராகிய நாம், தட்டுக்கள் வாங்க அனுப்பும் பொருளில் ஒரு பகுதியைத் தாங்கு கம்பிகளுக்கென்று குறித்து அனுப்புவோமாக. தட்டுக்கள் ஏராளமாயிருந்து தாங்கு கம்பி இரண்டே இருத்தல், கிணறுகள் பல வெட்டிக் கைப்பிடிச்சுவர் கட்டாது விடுதலை ஒக்கும்.

எண்கள் பாதியாகக் குறைந்தால் இளைஞர் மனந்தளர்ந்து வாராதொழிவர் என்று சிலர் அஞ்சலாம். சிலர் வாராதிருக்கவுங் கூடும். ஆனால் எஞ்சியோர், தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டது எங்குச் சென்றாலும் செல்லுபடியாகும் நாணயமென்று அறிந்து நிற்பர். கலாசாலையை விட்டு நீங்கியபின் நம்மை அளப்போர் நம் நண்பரல்லர், அவர்கள் ஆரவாரிப்பதுமில்லை. அலுவலகத்திலும், ஆபத்திலும், குடும்பத்திலும் நம்மேல் வைக்கப்படும் பாரத்தோடு நாம் அடிவரை தாழ்ந்து மீண்டும் எழ வல்லமா என்பதே அங்கு வினா. அதற்கு இவ்விடத்திலேயே பழகிக்கொள்வது நன்று.

180 கிலோகிராம் சுமந்த அவ்விளைஞரிடம் புறப்படுமுன் சிறிது பேசினேன். என் பழைய புகைப்படத்தின் கதையைச் சொன்னேன். அவர் நகைத்தார்; பிறகு சிறிது மௌனமாயிருந்தார்; பிறகு கம்பியிலிருந்த தட்டுக்களை ஒவ்வொன்றாய்க் கழற்றலானார். "பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறீர்களா, அண்ணா?" என்றார். அறுபது கிலோகிராமில் நின்றோம். முதன்முறை நாலு விரற்கடை மேலேயே திரும்பினார், சொன்னேன். ஐந்தாம் முறை தாழ்ந்தார், அதனையும் சொன்னேன். அவ்வறுபதைப் பலகையில் எழுத அவர் ஒருப்படவில்லை. அடுத்த ஆண்டு நான் வரும்போது எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

— ஒரு பழைய மாணவன்